பல் போனால் சொல் மட்டும் போவதில்லை: இலங்கைத்துறை முதல் சம்பூர் வரை மறக்கப்பட்ட வாய்ச் சுகாதாரம்

ஆண்டுதோறும் மார்ச் 20 ஆம் திகதி உலக வாய்ச் சுகாதார தினம் வந்து போகிறது. கொழும்பில் கருத்தரங்குகள் நடக்கும், பாடசாலைகளில் பல் துலக்கிக் காட்டுவார்கள், படங்கள் பகிரப்படும். அதே நாளில் வெருகல், மூதூர் பக்கத்துக் கிராமமொன்றில் யாரோ ஒருவர் கன்னம் வீங்கிய நிலையில் இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு வலைக்கோ வயலுக்கோ புறப்பட்டுக் கொண்டிருப்பார். எமது ஊர்களில் பல்வலியை யாரும் வருத்தமாகக் கணக்கெடுப்பதில்லை. தாங்கும் வரை தாங்குவது, தாங்க முடியாமல் போனால் கழற்றிவிடுவது என்பதே வழக்கம்.

இதை மக்களின் அசட்டை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சுகாதாரக் கல்வி என்ற பெயரில் பெரும்பாலும் அதுதான் சொல்லப்படுகிறது. இனிப்பைக் குறையுங்கள், இருவேளை பல் துலக்குங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் வைத்தியரிடம் போங்கள் என்ற மூன்று அறிவுரைகளும் சரியானவைதான். ஆனால் அவற்றைப் பின்பற்றுவதற்கு ஒரு நிரந்தர வீடு, ஒழுங்கான தண்ணீர், ஒரு நாள் கூலியை இழக்கக்கூடிய வசதி, போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சிகிச்சை நிலையம் ஆகிய நான்கும் வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதி மக்களிடமிருந்து இந்த நான்கையும் போர் ஒரே நேரத்தில் பறித்தது. அதன் தடங்கள் இன்றும் அவர்களின் வாய்க்குள் இருக்கின்றன.

பால்பல் விழுந்த காலமும் முகாம் காலமும்

இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் பிரதேசத்தில் கடலும் களப்பும் சந்திக்கும் இடம். போருக்குப் பின்னர் அந்தப் பெயரே மாற்றப்பட்டு 'லங்காபட்டுன' என்று அடையாளப்படுத்தப்படுவது தனியாகப் பேச வேண்டிய விடயம். 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டு மூடப்பட்டதோடு வெடித்த சண்டை மூதூர் கிழக்கையும் ஈச்சிலம்பற்றையும் வெறுமையாக்கியது. மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். ஈச்சிலம்பற்றைச் சேர்ந்தவர்கள் 2007 இலிருந்து படிப்படியாகத் திரும்பினார்கள். சம்பூர் மக்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2007 மே மாதம் அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2015 ஓகஸ்ட்டில் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த பகுதி 2016 இல் விடுவிக்கப்பட்டது.

இந்த ஆண்டுக் கணக்கை ஒரு பிள்ளையின் பல்லோடு பொருத்திப் பார்ப்போம். பிள்ளைக்கு மூன்று வயதளவில் 20 பால்பற்களும் முளைத்து முடிகின்றன. ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஞானப்பற்கள் தவிர்ந்த 28 நிரந்தரப் பற்களும் வாயில் இருக்கும். இலங்கையின் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவையும் இதைக் கருத்திற்கொண்டே மூன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. நியூசிலாந்தின் மாதிரியைப் பின்பற்றி, மகரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களைக் கொண்டு நடத்தப்படும் நல்ல சேவை அது.

2003 இல் சம்பூரில் பிறந்த பிள்ளைக்கு 2006 இல் மூன்று வயது. 2016 இல் பதின்மூன்று வயது. அதாவது, ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதற்குமான பற்கள் முளைத்து, பரிசோதிக்கப்பட்டு, பழுதானவை அடைக்கப்பட வேண்டிய காலம் முழுவதும் அந்தப் பிள்ளை இடம்பெயர்ந்தே இருந்தது. முகாம்களிலும் பாடசாலைகள் இயங்கின, மருத்துவ முகாம்களும் நடந்தன. ஆனால் பற்சிகிச்சை ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. இந்த ஆண்டு சிறு புள்ளியாகத் தெரிந்த சூத்தை அடுத்த ஆண்டு என்ன ஆனது என்று அதே பிள்ளையைத் திரும்பப் பார்க்க ஒருவர் வேண்டும். இடப்பெயர்வு குலைத்தது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

அந்தப் பிள்ளைகள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள், திருமணம் செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்தால் அது வெட்கத்தால் மட்டும் வருவதல்ல.

சீனி, தேத்தண்ணி, பிஸ்கட்

சூத்தைக்குக் காரணம் புழுவல்ல. வாயில் வாழும் பக்ரீரியாக்கள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போன பிறகும் உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சமப்படுத்த ஏறக்குறைய அரை மணிநேரம் எடுக்கும். ஆகவே எவ்வளவு சீனி சாப்பிடுகிறோம் என்பதை விட, ஒரு நாளில் எத்தனை தடவை வாயில் சீனி படுகிறது என்பது முக்கியமாகிறது. சாப்பாட்டோடு ஒரு முறை வட்டிலப்பம் தின்பவரை விட, காலை முதல் மாலை வரை ஆறு தடவை சீனித் தேத்தண்ணி குடிப்பவரின் பல் அதிகம் கரையும்.

எமது வாழ்வில் தேத்தண்ணியின் இடம் எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி வந்தால் தேத்தண்ணி, செத்த வீட்டில் தேத்தண்ணி, பசித்தாலும் தேத்தண்ணி. முகாம்களில் வழங்கப்பட்ட உலர் உணவு அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி என்று இருந்தது. மீனும் மரக்கறியும் பழமும் தின்ற கடலோர மக்கள் மாவும் சீனியும் தின்னப் பழகினார்கள். பசியில் அழும் பிள்ளைக்கு உடனே கொடுக்கக்கூடியவை சீனித் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். முகாம் மூடப்பட்டாலும் அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்துவிட்டது. பனங்கட்டியோ சர்க்கரையோ கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தால் பல்லுக்குப் பாதிப்பில்லை என்று நம்புவோரும் உண்டு. பல்லைப் பொறுத்தவரை அதுவும் சீனிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி நாளாந்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று தேத்தண்ணியிலேயே இந்த அளவு முடிந்துவிடும். இலங்கை அரசாங்கம் 2016 ஓகஸ்ட்டில் மென்பானப் போத்தல்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. 2017 நவம்பரில் சீனியின் அளவுக்கேற்ப வரியும் விதித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் கிராமத்துப் பெட்டிக்கடையில் பிள்ளைகள் டொபியும் நிறமூட்டிய ஐஸ் பக்கற்றும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கைக்குழந்தைகள் விடயத்தில் ஒரு பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். சீனி கலந்த பாலைப் போத்தலில் கொடுத்துக் குழந்தையை நித்திரையாக்குவதே அது. நித்திரையில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். இரவு முழுவதும் பால் முன்பற்களில் தேங்கி நிற்கும். இரண்டு வயதுக்குள் மேல் முன்பற்கள் கறுத்துக் கரைந்து போவது இதனால்தான். 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிட முடியாது. அந்த வலியோடு பிள்ளை சாப்பிடாது, உறங்காது, எடை கூடாது. ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல்லையும் பல பெற்றோர் பால்பல் என்றே எண்ணிக் கைவிடுகிறார்கள். அது ஒருமுறை போனால் மறுபடி முளைக்காது.

வெற்றிலைத் தட்டம்

வெற்றிலை எமது பண்பாட்டின் ஒரு பகுதி என்பதில் விவாதமில்லை. ஆனால் வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் என்ன செய்கின்றன என்பதிலும் இப்போது விவாதமில்லை. புகையிலை சேராத வெறும் பாக்குக்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் முதன்மையானது வாய்ப்புற்றுநோய்.

இரவுக் கடலுக்குப் போகிறவர் நித்திரை வராமலிருக்க வெற்றிலை போடுகிறார். வெயிலில் வயல் வெட்டுகிறவர் பசி தெரியாமலிருக்கப் போடுகிறார். போரில் பிள்ளையையோ கணவரையோ இழந்த தாய்மார் பலருக்கு இரவைக் கடத்தும் துணையும் அதுதான். இவர்களிடம் போய் 'வெற்றிலை கெட்ட பழக்கம்' என்று மட்டும் சொல்வது பயன் தராது. வெற்றிலை எதை ஈடுசெய்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பாபுல் போன்ற பொதி செய்யப்பட்ட புகையிலைக் கலவைகள் 2016 செப்டெம்பரில் சட்டத்தால் தடை செய்யப்பட்டன. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. சட்டம் கடை வாசல் வரை வந்ததா என்பதை ஒவ்வொரு ஊரவரும் தாமே சொல்லலாம்.

வெற்றிலை போடுவோர் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்து வாயைப் பார்க்க வேண்டும். கன்னத்தின் உட்பக்கத்தில், நாக்கின் ஓரத்தில் அல்லது நாக்கின் அடியில் துடைத்தும் போகாத வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ இருக்கிறதா? இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் உண்டா? மிளகாய் பட்டால் முன்னில்லாத எரிவா? மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாதபடி வாய் இறுகி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிழமையே பல் வைத்தியரிடம் போக வேண்டும். இவற்றில் பல புற்றுநோயாக மாறுவதற்கு முந்தைய நிலைகள். அந்த நிலையில் கண்டுபிடித்தால் உயிரைக் காக்கலாம். வலி இல்லை என்பது நல்ல அறிகுறியல்ல. ஆரம்பத்தில் வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

உடலின் வருத்தங்கள் வாயில் தெரியும்

சலரோகத்துக்கும் முரசு நோய்க்கும் இருவழித் தொடர்பு உண்டு. இரத்தத்தில் சீனி கட்டுப்பாடின்றி இருந்தால் முரசில் தொற்று ஏற்பட்டு, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சூத்தையே இல்லாத பற்களும் ஆடி விழும். முரசில் சீழும் வீக்கமும் இருந்தால் இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஆகவே மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் சலரோகக்காரர் ஒவ்வொருவரையும் பற்சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்ப வேண்டும்.

போர் தந்த வருத்தங்களுக்கு எடுக்கும் மருந்துகளையும் இங்கே கவனிக்க வேண்டும். தலையில் காயம்பட்டு வலிப்பு வருவோருக்குக் கொடுக்கப்படும் பெனிட்டோயின் சிலருக்கு முரசைத் தடிக்கச் செய்து பற்களை மூட வைக்கும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் வாயை வறளச் செய்யும். உமிழ்நீர் குறைந்த வாயில் சூத்தை வேகமாகப் பரவும். வாய் வறள்கிறது என்று இனிப்புச் சோடாவோ டொபியோ எடுப்பவருக்குப் பாதிப்பு இரட்டிப்பாகும். தண்ணீரை அடிக்கடி மிடறு மிடறாகக் குடிப்பதே நல்லது. இதற்காக எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. மருந்து எழுதிய வைத்தியரிடம் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், பல் வைத்தியரிடம் மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நித்திரையில் பல் நறநறவென்று கடிப்பதும் மன அழுத்தத்தோடு தொடர்புடையது. காலையில் தாடை வலியும் தலையிடியும் இருந்து, பற்கள் தட்டையாகத் தேய்ந்து வந்தால் அதுவும் சொல்ல வேண்டிய வருத்தம்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கு முரசில் இரத்தம் கசிவது கூடும். கர்ப்ப காலத்தில் பற்சிகிச்சை கூடாது என்பது தவறான நம்பிக்கை. தேவையான சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்யலாம்.

கரியா, பற்பசையா?

உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கல் தூள், உப்பு என்பன நீண்டகாலமாகப் பாவிக்கப்பட்டவை. முகாம் காலத்தில் பல குடும்பங்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் சொரசொரப்பான தூளால் அழுத்தித் தேய்த்தால் மிளிரி தேய்ந்து பல் கூசும். வேப்பங்குச்சி அழுக்கை அகற்றும், ஆனால் மிளிரியை உறுதியாக்கும் புளோரைட் அதில் இல்லை. சூத்தையைத் தடுப்பதில் பற்பசையிலுள்ள புளோரைட்டுக்கே முதலிடம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 இல் புளோரைட் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு பற்பசை போதும். விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை நிறையப் போடத் தேவையில்லை. இரவு நித்திரைக்கு முன் துலக்குவதே முக்கியமானது. துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டால் புளோரைட் பல்லில் தங்கி வேலை செய்யும். ஏழு, எட்டு வயது வரை பிள்ளைக்குத் துலக்கிவிட ஒரு பெரியவர் வேண்டும்.

வறண்ட வலயத்தின் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் அளவுக்கு மிஞ்சியும் இருக்கிறது. எட்டு வயதுக்கு முன் அத்தகைய நீரைத் தொடர்ந்து குடிக்கும் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் வெள்ளைக் கோடுகளும் மண்ணிறக் கறைகளும் வரும். துலக்கி அதைப் போக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் புளோரைட்டை அகற்றாது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஊரில் பல பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிக் கறை தெரிந்தால் கிணற்று நீரைப் பரிசோதிக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

பாலம் வந்தது, பல் வைத்தியம்?

ஒரு காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்குத் தரைவழியே போவதென்றால் பாதைப் படகுகளுக்காகக் காத்திருக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 இல் மட்டக்களப்பு வீதியின் ஏனைய பாலங்களும் வந்தன. வீதி அபிவிருத்தி என்ற வகையில் இது பெரிய மாற்றம். ஆனால் நோயாளி நகரத்துக்கு விரைவாகப் போக முடிகிறது என்பதும் சேவை நோயாளியிடம் வந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

அரச பற்சிகிச்சை இலவசம். ஆனால் வேரைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் பல தடவைகள் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும். பல்லைக் கழற்றுவதானால் ஒரே நாளில் முடிந்துவிடும். நாட்கூலிக் குடும்பம் எதைத் தெரிவு செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடி இதை இன்னும் மோசமாக்கியது. மருந்துகளுக்கும் இறக்குமதிப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது, வைத்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள், பற்பசையின் விலையும் ஏறியது. இப்படிக் கழற்றிக் கழற்றி ஐம்பது வயதில் பல்லில்லாதவர்களாகும் எமது தாய்மார் இறைச்சியும் கச்சானும் கீரையும் தவிர்த்து, கஞ்சியிலும் பாணிலும் நாட்களைக் கழிக்கிறார்கள். பொய்ப்பற்கள் அவர்களுக்கு எட்டாத ஆடம்பரமாக இருக்கின்றன.

பல் ஒரு சாட்சியும் கூட

போரால் பாதிக்கப்பட்ட சமூகத்துக்குப் பற்பதிவில் இன்னொரு கனமான காரணமும் உண்டு. மனித உடலில் காலத்தையும் நெருப்பையும் மிக நீண்ட நேரம் தாங்கி நிற்பது பல். 2023 இல் கொக்குத்தொடுவாயிலும் 2025 இல் செம்மணியிலும் மனித எச்சங்கள் வெளிவந்தன. 2025 ஜூலையில் சம்பூரில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போதும் எச்சங்கள் தென்பட்டன. இத்தகைய இடங்களில் எச்சம் யாருடையது என்று அறிய உலகெங்கும் பயன்படுத்தும் வழிகளில் ஒன்று பற்பதிவு. உயிரோடிருந்தபோது எடுத்த பல் எக்ஸ்ரேயோ, எந்தப் பல் அடைக்கப்பட்டது என்ற சிகிச்சைக் குறிப்போ இருந்தால் ஒப்பிட முடியும். காணாமல் ஆக்கப்பட்ட எமது பிள்ளைகளில் பெரும்பாலானோர் பல் வைத்தியரிடம் போகும் வாய்ப்பே இல்லாத கிராமங்களைச் சேர்ந்தவர்கள். முறையான சிகிச்சை கிடைக்காத வாயில் ஒப்பிடுவதற்கு எதுவும் பதிவாகவில்லை. ஆயினும் முன்பல் உடைந்திருந்தது, ஒரு பல் கோணலாக இருந்தது, இன்ன பல் கழற்றப்பட்டது என்பன போன்ற நினைவுகளும் சிரிக்கும் புகைப்படங்களும் பயனுள்ளவை. குடும்பங்கள் அவற்றை இப்போதே எழுதி வைப்பது நல்லது. நினைவு வைத்திருக்கும் தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை

இது நிதி இல்லாததால் தீராத பிரச்சினை அல்ல. மாகாண சுகாதாரத் திணைக்களம் நடமாடும் பற்சிகிச்சை வண்டியொன்றை வெருகல், ஈச்சிலம்பற்று, சம்பூர் பகுதிகளுக்குத் திகதி அறிவித்துத் தவறாமல் அனுப்பலாம். சலரோக, மனநல, கர்ப்பிணிக் கிளினிக் நாட்களிலேயே வாய்ப் பரிசோதனையையும் வைத்தால் மக்கள் இரண்டாவது நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மீனவர் சங்கங்களோடு பேசிக் கரைக்கே வந்து வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை செய்யலாம். முகாமில் பதின்மூன்று வயதைக் கடந்த தலைமுறைக்கு, தவறிப்போன பாடசாலைச் சேவைக்கு ஈடாகத் தனியான ஒரு திட்டம் வேண்டும். மீள்குடியேற்றம் என்றால் வீடும் கிணறும் மலசலகூடமும் என்றே கணக்கெடுக்கப்பட்டது. இழந்த சுகாதாரத்தை எவரும் கணக்கெடுக்கவில்லை.

புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் இதைக் கவனிக்கலாம். கோயில் மண்டபத்துக்கும் வளைவுக்கும் சேரும் பணத்தில் ஒரு பங்கு ஊர்த் தாய்மாரின் பொய்ப்பற்களுக்கும் பிள்ளைகளின் பற்பசைக்கும் போனால் அதன் பயன் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் தெரியும்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. இன்றிரவு பிள்ளைக்குப் பல் துலக்கிவிடலாம், தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனியைக் குறைக்கலாம், வெற்றிலை போடும் அப்பாவின் வாயை வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கலாம். கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் விழுங்கக் கஷ்டமும் இருந்தால் விடியும் வரை பொறுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பல்லில் தொடங்கும் தொற்று மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுக்கக்கூடியது. போரையும் சுனாமியையும் தாண்டி வந்தவர்கள் ஒரு பல்லுக்கு உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.